தாத்தா டீம் ஐந்து கோல் வாங்கிய நாள்

இரண்டு வெள்ளிக்கிழமைக்கு முன்னால், மைதானத்து ஓரத்தில் ஒரு தகப்பன் தன் பிள்ளையின் முழங்காலில் வலித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். காற்றில் அந்த மணம் வந்ததும் எனக்கு உன் குரல் கேட்டது.

"ஏட்டி, அந்த ரூமுக்குள்ள கேறினாலே தைல மணம் மூக்கைத் துளைக்குமாம். பதினோரு பேரும் கால்ல தேச்சுட்டு நிப்பாவளாம். வெளியே மழை, குளிரு. இவனுவ அரை டவுசர்ல."

நீ பார்த்தே இராத ஸ்காட்லாந்தின் ஒரு துறைமுக ஊரை, உன் வார்டு ஜன்னலில் தினமும் தெரிகிற ஊரைப் போலச் சொன்னாய். நானும் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது யாழினி என் வயிற்றில் இருந்தாள்.

இப்போது அவளுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. அந்த வெள்ளிக்கிழமை, முழங்கால் வரை சாக்ஸை இழுத்துவிட்டு, ஷூ லேஸை இரண்டு முடிச்சாகப் போட்டுக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆடவில்லை. நான் விடவில்லை. மூன்று வாரமாக இதே கதை. அத்தர்க் கடை வைத்திருக்கிற மாஸ்டர் பாய்தான் வெள்ளிதோறும் தொழுகைக்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுக்கிறார். அவர் வந்து நின்றார்.

"தங்கச்சி, டாக்டரே ஓடலாம்னுட்டாரு. நீங்கதான் விட மாட்டேங்குறீங்க. பத்தே நிமிஷம். மூச்சு வாங்குனா கலாஸ், அதோட முடிஞ்சுது, நானே தூக்கிட்டு வந்துர்றேன்."

"அடுத்த வாரம் பாக்கலாம் பாய்."

"போன வாரமும் இதத்தானே சொன்னீங்க?"

அவர் சிரித்தார். யாழினி சிரிக்கவில்லை. லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

இந்த மடலை நான் ஒன்றரை வருடம் முன்பே எழுதியிருக்க வேண்டும். லீவில் ஊருக்குப் போன நீ ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டாய் என்று போன் வந்த அன்று, யாழினிக்கு நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்தேன். வர முடியவில்லை. பிறகு எழுதவும் முடியவில்லை. உன்னிடம் சொல்ல என்னிடம் நல்ல செய்தி ஒன்றாவது இருக்கட்டும் என்று தள்ளிப் போட்டேன். இது என் பழைய வியாதி என்று உனக்குத் தெரியும்.

அந்த டிசம்பரை நினைத்துப் பார்க்கிறேன். இருபத்துமூன்றாவது வாரம். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, பாத்ரூமுக்குத் தவிர எழுந்திருக்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். முப்பத்திரண்டு வாரத்தைத் தாண்டினால் போதும் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரருக்கு எண்ணெய்க் கிணற்றில் ஷிப்ட் டூட்டி. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். ஒரு மாடி கீழே குடியிருந்த நீ, மார்னிங் டூட்டி முடிந்து யூனிபார்மோடு நேரே மேலே வருவாய். முதல் இரண்டு நாள் என் அழுகையைக் கேட்டாய். மூன்றாம் நாள், "போதும், இனி நா பேசுதேன், நீ கேளு" என்று ஆரம்பித்தாய்.

உன் வார்டில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு ஸ்காட்லாந்துத் தாத்தா. இங்கே வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க வந்த இடத்தில் வழுக்கி விழுந்தவர். அவர் சிறுவனாக இருந்த ஐம்பதுகளில், அவர் ஊர்க் குழு இரண்டாம் பிரிவில் ஆடிய சீசன்களில் ஒன்றை, மேட்ச் மேட்சாக மனப்பாடம் வைத்திருந்தார். டிரெஸ்ஸிங் மாற்றும்போது வலி தெரியாமல் இருக்க அவரைப் பேச வைப்பாயாம். அவர் உனக்குச் சொன்னார். நீ எனக்குச் சொன்னாய். நமக்கு அது 'தாத்தா டீம்'.

அதில் யாரும் ஆட்டத்தை மட்டும் நம்பிப் பிழைக்கவில்லை. நடுவில் நின்று கோல் அடிக்கிறவன் பேக்கரிக்காரன். சனிக்கிழமை அடுப்பை அணைத்துவிட்டு, புருவத்தில் மாவோடு வருவான். கோல் காக்கிற கோலி மீன்பிடிப் படகில் போகிறவன். படகு கரை சேரத் தாமதமானால் வேறு யாரையாவது நிற்க வைப்பார்கள். அதைச் சொன்னபோது நீ தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாய்.

"எங்க ஊர்லயும் இதே கததான் மக்ளே! ஃபைனல் அன்னைக்கு எங்க கோலி ஆழ்கடல்ல கெடக்கான். வலை வீசத் தெரிஞ்ச எவனயாவது நிறுத்துங்கன்னு எங்கப்பா கத்துதாவ. வலை வீசுதவன் எப்படி பந்தப் புடிப்பான்?"

நர்ஸ் புத்தி உன்னை விடாது. டூட்டி மாறும்போது அடுத்தவளிடம் நோயாளியை ஒப்படைக்கிற மாதிரியே மேட்சைச் சொல்வாய். "டீம் நினைவோட இருக்கு. ரெண்டு கோல் வாங்கியாச்சு. இடைவேளையில டீ குடிச்சிது. இடது பக்கம் லேசா வீக்கம்." ஒரு நாளைக்கு ஒரு மேட்ச்தான். நான் கெஞ்சினாலும் அடுத்தது கிடையாது. போனில் தேடிப் பார்க்கட்டுமா என்றால் போனைத் தூரத்தில் வைத்துவிடுவாய்.

ஜனவரியில் தாத்தா டீம் ஜெயிக்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, நான்கு மேட்ச் தொடர்ந்து. நான் உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தேன். அவர்கள் ஜெயித்தால் என் குழந்தை இன்னொரு நாள் உள்ளே இருக்கும் என்று எனக்குள் ஒரு கணக்கு. நீ வரும்போதே முகத்தைப் பார்ப்பேன். 'ஜெயிச்சாச்சு' என்று வாயைத் திறந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். பட்டப்படிப்பு படித்தவள்தான் நான். படுக்கையில் அது எதுவும் உதவவில்லை.

ஒருநாள் நீ சொல்லிக்கொண்டே போனாய்: இடைவேளையில் பார்வையாளர்கள் எல்லாரும் பொதியைப் பிரித்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டார்கள் என்று.

"இரு. ஸ்காட்லாந்துல மரவள்ளிக் கிழங்கா?"

"ஏன், அங்க உள்ளவனுக்குப் பசிக்காதா?"

"மரச்சீனி விளையுமாடி அந்தக் குளிர்ல?"

நீ நாக்கைக் கடித்துக்கொண்டாய். பிறகு எல்லாம் வெளியே வந்தது. தாத்தா கிறிஸ்துமஸுக்கு முன்பே டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் பறந்துவிட்டார். அவர் சொன்னது வருடப் பிறப்பு மேட்ச் வரைக்கும்தான். அதற்கப்புறம் ஆடியதெல்லாம் உன் கடற்கரை ஊர் ஆட்டங்கள். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறாய்.

"அப்போ ஜெயிச்சது?"

"நாந்தான் ஜெயிக்க வச்சேன். நீ சந்தோஷமா சாப்பிட்டியேன்னு."

நான் அழுத அழுகையில் நீ பயந்துவிட்டாய். என் கணக்கைச் சொன்னேன். எல்லாம் பொய் என்றால் என் குழந்தையைப் பிடித்து வைத்திருப்பது எது என்று கேட்டேன். நீ ஆறுதல் சொல்லவில்லை. கோபப்பட்டாய். "அவனுவ கோலடிச்சா ஒன் வயிறு தாங்குமா? யாருட்டி ஒனக்கு இதெல்லாம் படிப்பிச்சது?" என்று கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிப் போனாய்.

மறுநாள் வந்தாய். உட்காரக்கூட இல்லை. நின்றுகொண்டே சொன்னாய்.

"இன்னைக்கு தாத்தா டீம் அஞ்சு கோல் வாங்கிச்சு. திருப்பி ஒண்ணுகூட அடிக்கல. பேக்கரிக்காரன் பெனால்டிய வானத்துக்கு அடிச்சான். கோலிக்கு ரெண்டு விரல் மடங்கிச்சு. மொத்தமா நாறிப்போச்சு. இப்ப படு. நாளைக்கு வாரேன், ஒன் பிள்ள எங்க இருக்குன்னு பாப்போம்."

அன்று நான் தூங்கிய தூக்கம் தூக்கமே இல்லை. ஆனால் விடிந்தது. விலா எலும்புக்குக் கீழே ஓர் உதை. நீ வந்ததும் என் வயிற்றில் கையை வைத்தாய்; அவள் உன் கையையும் உதைத்தாள். வாட்சைப் பார்த்துவிட்டு, "சரி, அடுத்த சனிக்கிழமை மேட்ச்" என்று தொடங்கினாய். அதற்குப் பிறகு அவர்கள் தோற்றார்கள், ஜெயித்தார்கள், சமமாகவும் முடித்தார்கள். நான் மூன்றுக்கும் ஒரே மாதிரி சாப்பிட்டேன். முப்பத்துமூன்றாவது வாரம் யாழினி பிறந்தாள். சீசன் பாதியில் நின்றது. இன்குபேட்டர், மூச்சுத் திணறல், வீடு, தடுப்பூசி என்று போனதில் முடிவை நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

முந்தாநாள் வியாழக்கிழமை மதியம், யாழினி பள்ளியிலிருந்து வருவதற்கு முன்னால், நான் போனை எடுத்துத் தேடினேன். நீ திட்டுவாய் என்று தெரிந்தே. அந்த ஊர், அந்த வருடம், ஒரு பழைய அட்டவணை. தாத்தா டீம் கடைசிக்கு ஒரு படி மேலே முடித்திருக்கிறது. ஜனவரிக்குப் பிறகு பெரும்பாலும் தோல்விதான். நீ எனக்கு ஊட்டிய அந்த நான்கு வெற்றிகளும் எங்கேயும் இல்லை. மனசு கனத்துத்தான் போனது. மூடப்போகிற நேரத்தில் அடுத்த பக்கத்தைத் தொட்டுவிட்டேன். அடுத்த ஆகஸ்ட், புது சீசன். அதே பிரிவு. முதல் சனிக்கிழமையே தாத்தா டீமின் பெயர் இருந்தது. அவ்வளவு தோற்றவர்கள் மறுபடி தைலம் தேய்த்துக்கொண்டு மழையில் இறங்கியிருக்கிறார்கள். யாரும் அவர்களுக்கு ஜெயிப்பீர்கள் என்று உறுதி கொடுத்திருக்க மாட்டார்கள்.

யாழினி வந்து பையை இறக்கியதும், "நாளைக்கு ஆடுறியா?" என்று கேட்டேன். என் குரல் மாறிவிடுவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று வாசலிலேயே கேட்டேன்.

"ரியலி? ஃபுல் மேட்ச்சா?"

"செகண்ட் ஹாஃப்."

நேற்று ஆடினாள். அவள் இறங்கும்போதே அவர்கள் மூன்று கோல் பின்னால். இன்ஹேலரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான் வெள்ளைக் கோட்டை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். ஓடினாள். பந்து அவளிடம் வரவேயில்லை, ஆனாலும் ஓடினாள். ஒரு கட்டத்தில் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். தோள் ஏறி இறங்கியது. நான் பாதி எழுந்துவிட்டேன். மாஸ்டர் பாய் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையைக் காட்டி என்னைப் பொறுக்கச் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நிமிர்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் ஓடினாள். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் நான் நேற்றுச் செய்த பெரிய வேலை.

நான்கு கோலில் தோற்றார்கள். நான்காவது யாழினியின் காலில் பட்டுத்தான் உள்ளே போனது. அதை அவள் இன்று காலை வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

என் பயத்தை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய் என்று எழுதினால் அது பொய். நேற்று முழுக்க அது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது. நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது வேறு: அது உட்கார்ந்திருக்கும்போதே ஆட்டத்தைப் பார்க்கிற வித்தை. ஐந்து வருடமாக யார் விசாரித்தாலும் 'குறை மாசத்துல பிறந்தவ' என்றுதான் என் மகளைப் பற்றி ஆரம்பிப்பேன். நேற்று கடைசி விசில் ஊதுவதற்குச் சற்று முன்னால், புதிதாகக் குடிவந்த ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதுல உங்க பொண்ணு யாருங்க?" என்று கேட்டாள்.

நான் கையை நீட்டிக் காட்டினேன்.

"அதோ, இடது பக்கம் ஓடுறா பாருங்க, அவதான்."