லேபிள் உரித்த போத்தல்கள்

பிளேஸ்டோ, லண்டன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள யதுசனின் அப்பாவுக்கு,

இப்படித் தொடங்கலாமா என்று பேனையைப் பிடித்தபடி கனநேரம் இருந்தேன். பிள்ளை பிறந்த நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டு வந்தேன். இனி வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. போனில் மழையா வெயிலா என்று கேட்டுவிட்டு இரண்டு பேரும் வைத்துவிடுகிறோம். கிறிஸ்துநாயகம் அண்ணை யாழ்ப்பாணம் வருகிறார் என்றதும் இதை எழுதி அவரிடமே கொடுத்துவிடுகிறேன். உங்கள் பிரஷர் குளிசையும் அவரிடம் இருக்கிறது. மச்சாளிடம் சொல்லி வையுங்கள், நீங்கள் போட மறந்துபோவீர்கள்.

கடை ஓடுகிறது. குடித்து முடித்த பிளாஸ்டிக் போத்தலையும் தகர டின்னையும் திருப்பிக் கொடுத்தால், வாங்கும்போது கூடுதலாகக் கட்டிய காசு திரும்பக் கிடைக்கும் என்று அரசாங்கம் திட்டம் கொண்டுவருவதாகப் பேசிக்கொண்டோமே, அது தொடங்கிவிட்டது. எங்களைப் போன்ற சின்னக் கடைக்குக் கட்டாயமில்லை. நான்தான் கேட்டு, போத்தலை வாங்கிக்கொண்டு காசு தருகிற ஒரு மெஷின் வைத்தேன். இடத்தை அடைக்குமே, விசரியா இவள் என்று திட்டுவீர்கள். திட்டுங்கள். வெறுங்கையோடு வந்துபோகிறவர்களைவிட, போத்தலோடு வருகிறவர்கள் கொஞ்சம் நின்று கதைப்பார்கள். நீங்கள் போன பிறகு இந்தக் கடையின் அமைதி எனக்கு ஆகவில்லை.

மெஷின் பூட்டிய அன்று வயர் இழுக்க வேண்டும், பின்னால் இருக்கும் பிரிட்ஜை வெறுமையாக்கி நகர்த்துங்கள் என்றார்கள். எனக்கு டொக்டரிடம் போக வேண்டியிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, நித்திரை வராததற்குத்தான். பக்கத்து வீட்டு ரஞ்சனா அக்கா, "நீர் போட்டு வாரும், நான் பாக்கிறன்" என்றார். நான் வரும்போது பிரிட்ஜ் துடைத்துப் பளபளவென்று இருந்தது. நன்றி சொல்லி அனுப்பினேன்.

அடுத்த நாள் காலை அக்கா பெரிய பை நிறையப் போத்தல் கொண்டுவந்தார். எங்கள் சனத்தின் பழக்கம் தெரியும்தானே. நல்லெண்ணெயும் மிளகாய்த்தூளும் போட்டுவைக்கக் கழுவுவதுபோல எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, லேபிளை உரித்து, பசையையும் சுரண்டி, கவிழ்த்துக் காயவைத்திருந்தார். மெஷினுக்குள் ஒன்றைப் போட்டார், வெளியே தள்ளியது. மற்றதைப் போட்டார், அதையும் தள்ளியது. அழுக்கென்று நினைக்கிறதாக்கும் என்று சீலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் போட்டார். பால் வாங்க வந்த பிரவின், சென்னையிலிருந்து வந்து கம்ப்யூட்டர் வேலை செய்கிற தம்பி, அவன்தான் சொன்னான்: "அக்கா, அந்த லேபிள்ல இருக்கிற பார்கோடைப் பார்த்துத்தான் மெஷின் எடுத்துக்கும். உரிச்சிட்டீங்கன்னா அதுக்கு எது என்னன்னே தெரியாது." அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். இவ்வளவு துப்புரவாக் குடுத்தா வேண்டாமாம், ஊத்தையாக் குடுத்தா எடுக்குமாம் என்று மெஷினை ஏசினார். நான் சிரித்தேன். பிள்ளை சைக்கிளில் போய் லொறியில் அடிபட்ட பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

பிறகு பிரவினுக்குப் பால் எடுக்க பிரிட்ஜுக்குள் கை விட்டேன். கை ஒன்றிலும் தட்டுப்படாமல் நேரே உள்ளே போனது.

உங்களுக்கு விளங்கியிருக்கும். பாலுக்குப் பின்னால் எங்கள் பிள்ளை பாதி குடித்து வைத்த இஞ்சிச் சோடாவைக் காணவில்லை. மீதியென்று நீங்கள் எப்போதும் ஊற்றிவிடுவதால், தமிழ்ப்பள்ளிக் கோணல் எழுத்தில் லேபிளில் எழுதியிருப்பானே, "அப்பா, எறியாதேங்கோ" என்று. ஈரம்பட்டு மை மங்கி, எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிகிற எழுத்தாகிவிட்டது. நீங்களும் தொடவில்லை, நானும் தொடவில்லை. அதைப் பற்றி ஒருநாளும் பேசவும் இல்லை.

அக்காவைக் கேட்டேன். "அது பழுதாப்போன சோடாவெல்லே. ஊத்திப்போட்டு எங்கட வீட்டுப் போத்தலுகளோட சேத்துக் கழுவிப்போட்டன்" என்றார். என் வாயில் என்ன வந்தது தெரியுமா? என்ர பிள்ளையைக் கழுவி ஊத்திப்போட்டியளே என்று கத்தினேன். பிரவின் நின்றான், கடையில் சனம் நின்றது. அந்த மனுசி பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் என்ன செய்வார், பாவம். நாளைக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

லேபிளை அவர் வீட்டுக் குப்பையோடு அன்றே கவுன்சில் லொறி கொண்டுபோய்விட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன், தொட்டி வெறுமையாக இருந்தது.

மெஷின் வேண்டாமென்று தள்ளிய போத்தல்கள் எல்லாவற்றையும் கடைக்கு மேல் எங்கள் வீட்டுக் குசினி யன்னலோரம் நிறுத்தி வைத்திருக்கிறேன். எல்லாம் எங்கள் கடையில் வாங்கிய ஒரே கொம்பனிச் சோடா, ஒரே அளவு. அதில் ஒன்று அவனுடையது. பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா என்று ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். சவர்க்கார மணம்தான் வந்தது. இனி அவற்றைத் தொட்டியில் போடுவதுதான் வழி என்கிறார்கள். எப்படிப் போடுவேன்? எல்லாம் அங்கேயே நிற்கின்றன. சமைக்கவும் இடமில்லை, எனக்கு மட்டும் சமைத்து என்ன.

கீரிமலையில் அவன் சாம்பலைக் கரைத்துவிட்டு வருகிறேன் என்றுதான் போனீர்கள். மாரியும் கோடையும் போய்விட்டன. அங்கே கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது என்று மச்சாள் சொன்னார். இருக்கட்டும், உங்களுக்கு ஆறுதல் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இங்கே அவனை நினைத்து அழுவதற்கு எனக்கு ஒரு துணை இல்லை. மற்றவர்கள் சொல்லும் ஆறுதலைக் கேட்க எனக்கு ஏலாது.

வாருங்கள். அவனுடையதைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை, உங்களுக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்தால் போதும். கீரிமலைச் சிவன் உங்கள் நெஞ்சுக்குப் பலம் தரட்டும், பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

பிள்ளை அதை உங்களுக்குத்தானே எழுதினான். இப்போது நான் எழுதுகிறேன். யதுசன்ர அப்பா, என்னையும் எறிஞ்சுபோடாதேங்கோ.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
ஷோபா