பதினாறாம் தடத்தின் பொய்க்கூப்பாடு

நிலா, தென்துருவம், ஐஸ் கிணறு 3

நாள் 41, 07:10
காலைச் சோதனை முடிந்தது. பனி வெட்டும் இயந்திரம் சரி. காற்று சரி. எழுதுவது சவரிமுத்து, ஐ.டி.ஐ., இரண்டாம் முயற்சியில் தேர்ச்சி. திரையில் புது எச்சரிக்கை: “தடம் 16: இன்டரப்ட் வந்தது, அனுப்பியது தெரியவில்லை.” இன்டரப்ட் என்றால் ஒரு கருவி தன் தடத்தின் வழியே கணினியைத் தோளில் தட்டிக் கூப்பிடுவது. இங்கே எதுவோ தட்டிவிட்டு ஓடுகிறது.

09:35
நானூறு முறை. கணினியை அணைத்துப் போட்டேன். அட்டையைக் கழற்றித் தூசு துடைத்தேன். கேபிளை மாற்றினேன். எண்ணூறு. கையேடு “தகுதியான பொறியாளரை அணுகவும்” என்கிறது. நாற்பது கிலோமீட்டர் சுற்றளவில் நான் மட்டும்தான்.

11:20
முகாமில் பொறியாளராக இருக்கும் என் மகள் ஜெசிந்தாவை ரேடியோவில் கேட்டேன். “யப்பா, அந்தத் தடத்துலதான் காத்து சுத்தம் பண்ற மெஷினும் வெளிக்கதவும் சேந்து கெடக்கு. நான் பாக்குற வரைக்கும் தொடாதிய. ஒங்க ஐஸ் பிளான்ட் வித்தையெல்லாம் வேண்டாம்.” சரி என்றேன்.

12:05
மூவாயிரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பீப். தூத்துக்குடி ஐஸ் பிளான்ட்டில் அபாய மணி ஓயாமல் கத்தினால் அதற்குள் பழைய பனியனைத் திணித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். இங்கே அதற்கு ஒரு கட்டளையே இருக்கிறது. தடத்தை மூடினேன். ஆகா, என்ன அமைதி! திரையில் கரியமில வாயு 0.4 சதவீதம். அசையவே இல்லை.

16:40
தலைவலி. வாயு இன்னும் 0.4. ஜெசிந்தா: “இங்க என் திரையிலயும் நாலு மணி நேரமா ஒரே எண்ணு நிக்கு. தடத்த மூடினியளா?” பொய் சொல்ல வாய் வரவில்லை. “கிறுக்காப்பா ஒங்களுக்கு? அது மூடுறதுக்கு முந்தி வந்த பழைய எண்ணு! ஃபில்டர் நெறைஞ்சு, மெஷின் தட்டுனது கணினிக்குக் கேக்காம நின்னிருக்கும். தொறங்க!”

16:52
திறந்தேன். காற்று இயந்திரத்தின் விசிறி சுற்றியது. பொய்த்தட்டல் வெள்ளமாக வந்ததும் கணினியே இரண்டு நிமிடத்தில் தடத்தை மூடியது. விசிறியும் நின்றது. திறந்தேன். மூடியது. ஜெசிந்தா வண்டியில் கிளம்பிவிட்டாள். ஒன்றரை மணி நேரம்.

17:48
திறந்தேன். எத்தனையாவது என்று தெரியவில்லை. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. இதைப் படிப்பவர் யாரானாலும்: அவள் சரியாகத்தான் சொன்னாள்.

18:19
வண்டி வந்துவிட்டது. “யப்பா, கதவு தொறக்க மாட்டேங்கு. உள்கைப்பிடிய நீங்கதான் திருப்பணும். பன்னெண்டு எட்டுதான். எந்திரிங்கப்பா.” நான் எழுந்தால் விசிறி நிற்கும். எழாவிட்டால் அவள் வெளியே.

18:22
கால் என் பேச்சைக் கேட்கவில்லை. வீட்டில் வேறு யார் கேட்டார்கள். குறிப்பு எழுதும் கைப்பலகையோடு தவழ்கிறேன். ஏழு எட்டுத் தூரம் ஆச்சு. “தூங்கிராதிய யப்பா, பேசுங்க, ஏதாவது பேசுங்க.” பேசுகிறேன்மா. தரை நல்ல குளிர்ச்சி. கன்னத்தை வைத்தால் சுகமாக இருக்கிறது. ஒரு நிமிஷம் மட்டும்