அண்ணியின் ஆறாம் அத்தியாயம்

என் பிரியமுள்ள அண்ணிக்கு,

உங்கள் புத்தகம் வந்துவிட்டது, நீங்கள் கண்மூடி ஏழு மாதம் கழித்து. ருஷ்யாவை ஆண்ட பேரரசிகளைப் பற்றி, நம் பிள்ளைகள் படிக்கட்டும் என்று பர்மிய மொழியில் எழுதினீர்களே, அதுதான். ஆனால் அதில் ஆறாம் அத்தியாயம் இல்லை. நான்தான் எடுத்தேன்.

அந்த அத்தியாயத்தை வைத்து நாம் போட்ட சண்டை கொஞ்சமா? "பொம்பளை ஆண்டா கொஞ்சமாவது இரக்கம் இருக்கும் அண்ணி" என்பேன். உடனே நீங்கள் அந்தக் குழந்தையைக் கொண்டுவருவீர்கள். தொட்டிலில் கிடந்த சக்கரவர்த்தி. அவனை இறக்கிவிட்டு அரியணை ஏறியவள் ஒரு பெண். யாருக்கும் மரண தண்டனை கொடுப்பதில்லை என்று சபதம் செய்தவள். அவனையும் கொல்லவில்லை, காவலில் வளர்த்தாள். அவன் பெயர் பொறித்த நாணயங்களைத் திரும்ப வாங்கி உருக்கச் சொன்னாள். இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து, இன்னொரு பேரரசியின் காலத்தில், அவனை மீட்க ஆள் வந்தபோது காவலர்களே அவனைக் கொன்றார்கள். உத்தரவு அப்படி.

"அவ கெட்டவ இல்ல கமலா. அந்த இடத்துல உக்காந்தா, தொட்டில்ல கெடக்குற பிள்ளையும் எதிரிதான்" என்றீர்கள்.

போட்டாதாங் பேட்டையில் இருக்கும் அச்சகக்காரர் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "டீச்சர் எழுதினது சரிதான். ஆனா யாரை நெனச்சு எழுதினதுன்னு பட்டாளத்துக்காரங்க கேப்பாங்க. இது இருந்தா நான் அடிக்க மாட்டேன்" என்றார். அவரை என்ன குறை சொல்ல? பக்கத்துக் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் இன்னும் திருப்பி அனுப்பவில்லை.

எனக்கும் பயம். உங்கள் மூத்தவன் பட்டாளத்துக்குப் பிடித்துவிடுவார்களோ என்று எல்லை தாண்டிவிட்டான். எப்போதாவது பேசுகிறான். எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்பதில்லை.

அந்தப் பக்கங்களை அடுப்பில் போட்டேன் அண்ணி. உங்கள் கையெழுத்து. வேறு படி கிடையாது. அவள் நாணயத்தை உருக்கினாள், நான் காகிதத்தை எரித்தேன். என்ன வித்தியாசம்?

நேற்று உங்கள் மகள் செல்வி புத்தகத்தைப் படித்து முடித்தாள். "அத்தை, அஞ்சுக்கு அப்புறம் ஏழு வருதே?"

எண்ணை மாற்ற மறந்திருக்கிறோம். அச்சுப் பிழை என்றேன். அவள் நம்பவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்து எல்லாம் சொல்லப்போகிறேன், எரித்ததையும் சேர்த்து. அந்தக் குழந்தையின் பெயரையும் சொல்வேன். எழுதிக்கொள்ளச் சொல்லமாட்டேன். மனப்பாடம் செய்யச் சொல்வேன். அவள் பிசகாமல் திருப்பிச் சொல்லும்வரை விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் எழுத்தை எரித்த நாத்தனார்,
கமலா
மிங்கலா தாங்ஞுன்ட், யாங்கோன்