சுழன்றுகொண்டிருந்த இசைத்தட்டு

ஹேடோ,
போர்ட் பிளேர்,
20-6-1973

அன்புள்ள தம்பி சொக்கலிங்கத்துக்கு அக்கா சந்திரமதி எழுதுவது. நீயும் ருக்குவும் அம்மாவும் சுகம்தானே? இங்கே மழை பிடித்துக்கொண்டது. கப்பல் தாமதமாகி உன் கடிதம் இரண்டும் சேர்ந்தே வந்தன.

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரு மாதமாக அத்தான் ரெக்கார்டு பிளேயர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வீட்டில் ரேடியோகூட வைக்க விடாத மனுஷர்! சனிக்கிழமை ஜங்லிகாட் பஜாரில் ஒரு வங்காளி கடைக்குப் போனோம். இரண்டு இருந்தன. ஒன்று மேஜை அளவு பெரியது. மற்றது கைப்பெட்டி மாதிரிச் சின்னது, மூடியிலேயே ஸ்பீக்கர். நம் ஒற்றை அறை குவார்ட்டர்ஸுக்கு அதுதான் சரி என்றேன்.

அத்தான் எங்களுக்கு முதுகு காட்டிக் குனிந்து, பெரியதன் திருகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் சின்னதில் தட்டை வைத்தார். சத்தத்தைக் குறைத்தாலும் எவ்வளவு சுத்தமாகக் கேட்கிறது பாருங்கள் என்றார். நாதஸ்வரம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அத்தான் திரும்பாமலே, "சின்னதையும் சாலூ கரோ, பாய்" என்றார், அதையும் போட்டுக் காட்டச் சொல்லி.

வேடிக்கை என்று நினைத்துக் கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன் தம்பி. அத்தான் திரும்பினார். சுழலும் தட்டைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்துதான் சொன்னார். ஒன்றரை வருஷமாகவாம். வலது காது அடியோடு போய்விட்டது, இடதில் பாதிதான். பதினோரு வருஷம் படகின் இன்ஜின் அறையிலேயே இருந்த காது. தெரிந்தால் படகிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும்.

நான் பேசும்போதெல்லாம் என் முகத்தையே பார்ப்பார். ஆசையில் பார்க்கிறார் என்று கர்வப்பட்டிருந்தேன். என் வாயசைவைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

பிறகு எதற்குப் பாட்டுப் பெட்டி என்று கேட்டேன். "மிச்சம் இருக்கிறப்பவே நாலு பாட்டு கேட்டுக்கிறேனே, சந்திரா" என்றார்.

திங்கட்கிழமை நான் தனியாகப் போய்ச் சின்னதையே வாங்கி வந்தேன். மூடியைக் கழற்றி மடியில் வைத்து, இடது காதை அதில் ஒட்டிக் கேட்கிறார். பெரியதாக இருந்தால் அது முடியாது.

நேற்று அவரே ஆபீஸில் உண்மையைச் சொல்லி லீவு எழுதிக் கொடுத்தார். அடுத்த கப்பலில் வருகிறோம். நல்ல காது டாக்டராக விசாரித்து வை. குணமாகும் என்று சொல்கிறவராக இருக்கட்டும்.

அம்மாவிடம், சும்மா பார்க்க வருகிறார்கள் என்று சொல். துறைமுகத்தில் அவரைக் கண்டதும் சத்தம் போட்டுப் பேசிவிடாதே தம்பி. எதிரே நின்று நிதானமாகப் பேசு. நீ நன்றாயிருப்பாய்.

உன் அக்கா,
சந்திரமதி