விளக்கைப் போட்டால் ஏறும் வோல்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒன்றாம் தேதி அம்மாவின் ஆபரேஷனுக்குள் வந்துவிடுவாயா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் சுகம்.

ஒரு பேருந்தைச் சரிசெய்தால் விடுப்பு என்றார் மேலாளர். வோல்ட் அளவுக்கு மீறி ஏறி, பேட்டரி உப்பிவிட்டது. பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரை இரண்டு முறை மாற்றினேன். மீட்டரில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஓட்டினால் மறுபடி கோளாறு. இன்று ஓட்டுநர் சிரித்தார்: "இன்ஜினியரம்மா, ஹெட்லைட் போட்டாத்தான் இதுக்குப் பேய் பிடிக்குது. நீங்க பட்டப்பகல்ல நாடி பாக்கறீங்க!"

விளக்கைப் போட்டு அளந்தேன், பதினாறரை வோல்ட். பதினான்கரையைத் தாண்டக் கூடாது. பேட்டரியின் அளவை ஆல்டர்னேட்டருக்குச் சொல்லும் ஒயரின் முனை களிம்பேறிக் கிடந்தது. விளக்கும் அதே முனையிலிருந்து மின்சாரம் இழுத்ததும், பேட்டரியில் குறைவு என்று அந்த ஒயர் தப்பாகச் சொல்ல, ஆல்டர்னேட்டர் மேலும் மேலும் ஏற்றியிருக்கிறது. புது ஒயர் போட்டேன். நாளை சோதனை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் அம்மாவின் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம். அவசரமாக முடிக்கிறேன்.

உங்கள் மகள்

மறுநாள் சேர்ப்பது: விளக்கோடு ஓட்டினோம், பதினான்கரையைத் தாண்டவில்லை. மேலாளர் கைகுலுக்கினார். "இதே கோளாறோட இன்னும் பதினோரு வண்டி நிக்குது. உங்களை விட்டா யாரும்மா இருக்கா?" என்று விடுப்புத் தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார். ஒன்றாம் தேதி அம்மாவோடு நீங்கள் மட்டும்தான் அப்பா.