குறுக்கே வைத்த ராணி

இன்று காலை கடையில் வியாபாரம் மந்தம். உடன்குடியிலிருந்து வந்த கருப்பட்டிச் சிப்பங்களை இறக்கி வைத்துவிட்டு, போனில் முகம் தெரியாத யாரோ ஒருவனோடு செஸ் ஆட உட்கார்ந்தேன். அவன் இரண்டாவது நகர்த்தலிலேயே, ராஜாவை ஒட்டி நிற்கும் மந்திரியின் சிப்பாயைத் தள்ளி என் சிப்பாயின் வாய்க்கு முன்னால் நிறுத்தினான். கிங்ஸ் கேம்பிட். இந்தா, எடுத்துக்கொள், ஆனால் அதற்கு வட்டியும் முதலுமாக உன் ராஜாவைக் கேட்பேன் என்று மிரட்டுகிற ஆரம்பம். நான் எடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். உன் ஞாபகம் வந்துவிட்டது.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து ஒரு வாரம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது இருபத்துநாலு வருடம் உன்னோடு பேசாதவன், இப்போது மடல் எழுதுகிறேன். சிரிக்காதே.

கோயில் தெரு வாசகசாலையில் காற்றாடிக்குக் கீழே இருந்த செஸ் பலகை நம்முடையது. நீ கடற்கரைத் தெருக்காரன். உன் வீட்டில் எல்லோருக்கும் கப்பல் வேலை, உனக்கு மட்டும் தண்ணீரைக் கண்டால் தலை சுற்றும். நான் மாமாவின் கருப்பட்டிக் கடையில் நின்று ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தவன். நீ பூட்டுப் போட்டமாதிரி ஆடுவாய், ஒரு சிப்பாயைக் கூடச் சும்மா விடமாட்டாய். நான் நேரெதிர். சிப்பாயைக் கொடுப்பேன், குதிரையைக் கொடுப்பேன், தேவைப்பட்டால் மந்திரியையும் கொடுத்து எதிராளியின் ராஜாவை நடுக்கட்டத்துக்கு இழுத்து வருவேன். "ஏலே, ஒங்க கடையில கொசுறு குடுக்க மாதிரி காயக் குடுக்கியேல" என்று கேலி செய்வாய். ஆனால் எனக்கு வேறு யாரோடும் ஆட்டம் இருந்தால் என் நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்பாய். அந்தக் காலத்தில் எனக்கு உன்னைவிட நெருக்கமான ஆள் யாரும் கிடையாது. இதை எழுத இப்போதும் கோபமாகத்தான் இருக்கிறது.

அந்த வருடத்து மாவட்டப் போட்டி நம் இருவருக்கும் வாழ்க்கையாக இருந்தது. முதல் இரண்டு பேருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அலுவலக வேலை என்று பேச்சு. எனக்கு மாமாவிடமிருந்து விடுதலை, உனக்குக் கப்பலிலிருந்து விடுதலை. கடைசிச் சுற்றில் நீயும் நானும் எதிரெதிரே. டிரா ஆனால் இருவருமே மேலே. அதனால் முந்தின நாள் சாயங்காலம் பேசி வைத்துக்கொண்டோம். செய்யக்கூடாத காரியம்தான், ஆனால் செஸ்காரர்கள் செய்கிற காரியம்.

சும்மா பத்து நகர்த்தலில் கை குலுக்கினால் நடுவர் மோப்பம் பிடித்துவிடுவார் என்று, ஊரே நம்பும்படியான ஒரு டிராவை நான்தான் எழுதினேன். வழக்கம்போல் கேம்பிட். குதிரையைக் கொடுக்கிறேன், மந்திரியைக் கொடுக்கிறேன், கடைசியில் என் ராணி செக் வைக்க, உன் ராஜா ஒதுங்க, மறுபடி செக், மறுபடி ஒதுங்கல். மூன்று தடவை ஒரே நிலை வந்ததும் டிரா. அவ்வளவு அழகாக எழுதிவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருந்தேனா?

"இந்த எடத்துல மட்டும் ஒன் ராணியக் குறுக்க வச்சிராதல. வச்சா ராணிக்கு ராணி வெட்டுப்பட்டு எனக்கு சோலி முடிஞ்சுரும்."

"போல, நான் ஏன் வைக்கப் போறேன்?" என்றாய். எனக்கு வாங்கி வைத்திருந்த டீயையும் எடுத்துக் குடித்தாய்.

மறுநாள் எழுதியபடியே எல்லாம் நடந்தது. குதிரை போனது, மந்திரி போனது. சுற்றி நின்றவர்கள் பலகையை எட்டிப் பார்த்தார்கள். நான் செக் வைத்தேன். நீ நெடுநேரம் யோசித்தாய். என்னமாய் நடிக்கிறான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். பிறகு நீ ராணியை எடுத்துக் குறுக்கே வைத்தாய். தலையை நிமிர்த்தவே இல்லை.

நான் யாரிடம் சொல்ல? பேசி வைத்த டிராவை அவன் மீறிவிட்டான் என்று நடுவரிடம் புகார் கொடுக்கவா? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கூடவே இருந்து குழி பறித்தாய் என்றுகூட உன்னை ஏச முடியாது. குழி இருக்கும் இடத்தை நானே காட்டிக்கொடுத்தேன். நகர்த்தல்களைக் குறித்த ஆட்டத்தாள்களில் தோற்றதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனேன்.

மூன்று மாதம் கழித்து, வேலை கிடைத்த கையோடு மக்ரூன் பொட்டலத்தோடு கடைக்கு வந்தாயே, அது உனக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.

"அன்னைக்குக் காலையிலதான்ல சொன்னாவ, ஒரு ஆளத்தான் எடுப்பாவளாம். டிரா ஆனா ஒன்னயத்தான் மொதல்ல வச்சிருப்பாவ. நான் என்னல செய்ய?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா நீ நெசமா ஆடிருப்ப. நீ நெசமா ஆடுனா நான் ஜெயிப்பனா?"

பொட்டலத்தை உன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். நாம் கடைசியாகப் பேசியது அதுதான். தோற்றது வலித்தது, வேலை போனது அதைவிட வலித்தது. ஆனால் நான் காயைக் கொடுத்தது உன்னை நம்பி என்று தெரிந்தே, அந்த நம்பிக்கையை எண்ணித்தான் நீ ஆடினாய். அது இன்றுவரை ஆறவில்லை.

முப்பதாம் நாளுக்கு உன் வீட்டுக்காரி ஆள் விட்டதால் வந்தேன். பூசை முடிந்து வீட்டில் உட்கார்ந்தபோதுதான் கூடத்துச் சுவரைப் பார்த்தேன். அந்த ஆட்டத்தின் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாய், சூசையப்பர் படத்துக்குப் பக்கத்தில்! அடியில் என் கையெழுத்து. எனக்கு வந்த ஆத்திரத்தில் சாப்பிடாமல் எழுந்துவிடலாம் என்றிருந்தது.

அப்போது உன் மகள் வந்து பக்கத்தில் நின்றாள். காலேஜ் டீமில் ஆடுகிறாளாம். உன் மூக்கு.

"அங்கிள், இந்த ஆட்டத்த அப்பா எனக்கு நூறு தடவ ஆடிக் காட்டிருக்காவ. தூத்துக்குடியிலேயே பெரிய ஆட்டக்காரர ஜெயிச்சேன், அதுலதான் இந்த வீடே நிக்குன்னு சொல்லுவாவ. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இங்கன ராணி குறுக்க வரும்னு சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியுமே. நீங்க எப்படி அங்கிள் பாக்காம விட்டீங்க?"

வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் வீட்டுக்காரி கையில் சோற்றுத் தட்டோடு நின்றாள். இருபத்துநாலு வருடமாக யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன் நான். பதில் தொண்டைவரை வந்துவிட்டது. அந்தப் பிள்ளையோ உன்னைப் பற்றி இன்னும் ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கலம்மா," என்றேன். "ஒங்கப்பா பாத்துட்டாரு."

அவள் முகம் மலர்ந்ததே, அதற்காகச் சொன்னேன். உன்னை மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதே. இத்தனை வருடம் அந்தப் பொய் உன்னுடையதாக இருந்தது. இப்போது அதை நானும் சொல்லிவிட்டேன், இனி மாற்றிச் சொல்ல முடியாது. உண்மை தெரிந்த இன்னொருவன் நீ, நீயும் போய்விட்டாய். இனி யார் கேட்டாலும் நான் பார்க்கவில்லை என்றே சொல்லியாக வேண்டும்.

பார்த்தவன் நான்தாம்ல. உனக்குக் காட்டியவனே நான்தான்.