ரூபனுக்கு வரி கட்டுகிறோம்

2006 ஐப்பசி, ஞாயிறு இரவு.

என் கணவர் இறந்தபிறகு முதல் தடவையாக, லண்டன் வெம்பிளியில் எங்கள் கூடைப்பந்துக் கழகக் கூட்டத்தில் இவருடைய கதிரையில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒப்பந்தம் முடிந்த எங்கள் ஆட்டக்காரன் ரூபனைத் திரும்ப எடுப்பதா விடுவதா என்பதுதான் பேச்சு. எடுத்தால் ஆட்டக்காரரின் சம்பளம் லீக் வைத்த எல்லையைத் தாண்டும். தாண்டுகிற ஒவ்வொரு பவுணுக்கும் லீக்குக்கு இன்னொரு பவுண் வரி. விட்டால் நாளைக்கே வேறு கழகத்துக்குப் போய்விடுவான்.

"அக்கா, அவன் கூடைக்குள்ள பந்து போட்டு எப்பவாவது பாத்தனீங்களே?" என்று செயலாளர் நக்கலாகக் கேட்டார்.

"இல்லை. மற்றப் பக்கத்து ஆக்களைப் போட விடாததைப் பாத்தனான். செத்தவீட்டு நேரம் அவன் எங்கட வீட்டிலதான் நிண்டவன். அவன் இல்லாத அந்த மட்சுகளில ஒண்டெண்டாலும் வெண்டனீங்களே?"

செயலாளர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார்.

"சரி, வரிக்குக் காசு?"

"இந்த வருசம் புதுச் சட்டை வேண்டாம். பழசைத் தோய்ச்சுப் போடுங்கோ. சட்டைக்கு எங்கட கடை தாற காசை வரிக்குக் கட்டுங்கோ; கடைப் பேர் பழசிலயும் கிடக்குத்தானே."

சிரித்துக்கொண்டு செயலாளரே முதலில் கை தூக்கினார். ரூபன் எங்களோடேயே நிற்கிறான்.

வீட்டுக் கதவைத் திறந்ததும், "இஞ்சருங்கோ, வெண்டிட்டம்" என்று இவரைக் கூப்பிட்டுவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் சப்பாத்தைக் கழற்றினேன்.